அஞ்சல் ஓட்டம்

மூன்றாம் நாள் பின்னேரம்.
வெபர் மைதானத்துச் சுண்ணாம்புக் கோடுகளைக்
கச்சான் காற்று பாதி தின்றிருந்தது.
நாலு தர நூறு மீற்றர்.
இரண்டாவது ஆள் நான்.

ஷிம்ரா வந்தாள்,
ஓட்டமாவடிப் புழுதியெல்லாம் துரத்துவதுபோல.
"கை!"
என் இடக்கையில் கோல் விழுந்தது.
அதுவரை எல்லாம் சரி.

முன்னால் வளைவில் நிலோஜினி,
எனக்கு முதுகு காட்டி.
அவள் திரும்பிப் பார்க்கக்கூடாது.
நான் கூப்பிடுவேன், அவள் நீட்டுவாள்.
இந்த ஒரு நம்பிக்கைக்காகத்தான்
ஆறு மாதம் கல்குடா மணலில் ஓடினோம்.

ஓடினோமா?
மூன்று நிமிடம் ஓய்வு என்றால்
பைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
நாலு பேரும் பன்னிரண்டு நிமிடம்
போனுக்குள் குனிந்திருப்போம்.
சேர் விசில் ஊதுவார்.
"இந்தா வாறம் சேர்."
வியர்வை உப்பாகக் காய்ந்து
தொடை இறுகியிருக்கும்.
எழும்பும்போது முனகுவோம்,
ஏதோ பெரிதாக ஓடிக் களைத்தவர்கள்போல.

போட்டிக்கு முதல் நாள் இரவு
வகுப்பறை மேசைகளைச் சேர்த்துப் படுத்தோம்.
நிலோஜினி அடுத்த மேசை.
கை நீட்டினால் தொடலாம்.
"நுளம்புத்திரி எங்க?" என்று அவளுக்கு
வட்ஸ்அப்பில் எழுதினேன்.
"உன்ட தலைமாட்டில"
சிரிக்கும் முகம் இரண்டோடு பதில் வந்தது.
மறுகா எப்போது தூங்கினோம்?
கடைசியாகப் பார்த்தது 2.47 என்று
அவள் பெயருக்குக் கீழே இருந்தது.
அதை நான் பார்த்தபோது 3.10.

அடையாளம் வைத்த இடத்தை நான் மிதித்தேன்.
அவள் கிளம்பினாள்,
ஒரு கண்ணிமை பிந்தி.
இப்போது நான் கூப்பிட வேண்டும்.
ஒரே ஒரு எழுத்துத்தான்.
அந்த ஒரு எழுத்தையும் விரலிடம் கொடுத்துவிட்டுச்
சும்மா இருந்து பழகிய வாய்
தேடிப் பிடித்துக் "கை" என்று கத்தியபோது
நான் ஏற்கனவே அவள் முதுகில்.

அலுமினியக் கோல்
புல்லில் விழுந்தால் சத்தமே இல்லை.

கடைசி வளைவு முடிகிற இடத்தில் மெரிசியா
கையைப் பின்னால் நீட்டியபடியே நின்றாள்.
மற்றக் கோல்களெல்லாம் போன பிறகும் நின்றாள்.

பஸ் ஊறணி தாண்டவில்லை,
வீடியோ வந்துவிட்டது.
யாரோ அதற்குப் பாட்டும் போட்டிருந்தார்கள்.
கோல் விழுகிற இடத்தில் தவில்.
முப்பது பேர் சிரித்திருந்தார்கள்,
அதில் ஒருத்தி என் மச்சாள்.

ஷிம்ரா நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, நிறுத்தி,
"இந்தக் கையைப் பாரு புள்ள" என்றாள்.
நிலோஜினியின் வலக்கை.
கவைபோல அகன்று திறந்திருக்க வேண்டியது.
நாலு விரலும் உள்ளே மடிந்து
பெருவிரல் மட்டும் தனியே எழும்பி
எதையோ மேலே தள்ளப் போவதுபோல இருந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நிலோஜினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
என் வாயைப் பற்றி
நானும் சொல்லவில்லை.
பாட்டு என் குரலை மூடியிருந்தது.
அது எனக்கு வசதி.

மெரிசியாவின் நெஞ்சில் இன்னும் நம்பர்.
ஊசி நாலும் கழற்றவில்லை.
கடதாசியில் ஒரு கசங்கல் கிடையாது.

செங்கலடி தாண்டி இருட்டிய பிறகு
முன் சீற்றிலிருந்து நிலோஜினி
திரும்பிப் பார்க்காமல்
வலக்கையைப் பின்னால் நீட்டினாள்.
பவர் பேங்க் என்னிடம் இருந்தது.
"கை" என்றேன்,
என்னையறியாமல்.
விரல்கள் அகன்று திறந்தன.
வைத்தேன்.

பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது.
அது விழவில்லை.